அக்கா இளைத்த ஐந்து மாதம்

அக்கா என்று நான் சொல்வது கூடப் பிறந்தவளை அல்ல. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. கல்யாணமாகி வந்த புதிதில் அவளை நான் "நீங்க" என்றுதான் பேசினேன். கொஞ்ச நாளில் அவளே, "என்னத்தா எந்நேரமும் வாங்க போங்கன்னுக்கிட்டு, நான் என்ன தாசில்தாரா?" என்று அதட்டினாள். அதிலிருந்து நீ, வா, போ. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

எங்களுக்குள் பொறாமையே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட இரண்டு பேருக்குள் அது இல்லாமல் எப்படி இருக்கும்? அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தால் என் வீட்டுக்காரர் கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு ஆகாது. நான் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று பார்ப்பாள். அது அவளுக்கு ஆகாது. ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் வருகிறவள் அவள்தான். எனக்குக் குழந்தை இல்லை. நான் இந்த வீட்டுக்கு வரும்போது அவள் மகளுக்கு இரண்டு வயது. அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னியது பாதி நாள் நான்தான். அந்த விஷயத்தில் மட்டும் அக்கா ஒருநாளும் உன் பிள்ளை என் பிள்ளை என்று பிரித்ததில்லை.

அந்தப் பெண்ணுக்குத்தான் ஓடைப்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஆவணியில் எங்கள் வீட்டில் வைத்து நிச்சயதார்த்தம். எல்லாம் நல்லபடியாக முடிந்து, போட்டோ எடுக்க இரண்டு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒல்லி. அக்கா கல்யாணத்துக்குப் பிறகு மெல்ல மெல்லப் பருத்தவள். மாப்பிள்ளை வீட்டோடு வந்திருந்த ஒரு பெரியம்மா, "மாப்பிள்ளைக்கு அம்மாவா அக்காவான்னு தெரியல. பொண்ணோட அம்மாவுக்கு மட்டும் ரெண்டாளு எடம் விடுங்கப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். கட்டில் மேல் அவளுடைய முகூர்த்தப் பட்டு விரித்துக் கிடந்தது. அரக்குக் கலர், கிளிப்பச்சைக் கரை. கல்யாணத்துக்கும் அப்புறம் இரண்டு மூன்று விசேஷத்துக்கும் கட்டியதோடு சரி. அந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை முழங்கைக்கு மேல் ஏறி அங்கேயே இறுகி நின்றுவிட்டது. இன்னொரு கையை நான் பிடித்து இழுத்து ஏற்றினேன். முன்பக்கம் கொக்கிக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"என் மக கழுத்துல தாலி ஏறுறப்ப நான் இதக் கட்டிக்கிட்டு நிக்கணும்" என்றாள்.

"வேற ஜாக்கெட்டு தைச்சுப் போடு. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல?"

கம்பத்தில் எங்களுக்கு வழக்கமாகத் தைத்துத் தருகிற பெண்ணிடம் கொண்டுபோனோம். அவள் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி விரலால் தடவிக்கொண்டே போனாள். பழைய தையல் பிரித்த ஓட்டைகள் வரிசை வரிசையாக இருந்தன. "பூராப் பிரிச்சாச்சுக்கா. இனிமே விடுறதுக்கு உள்ள துணி இல்ல" என்றாள்.

"துணி பெருசாகாதுன்னா நான் சின்னதாயிட்டுப் போறேன்" என்றாள் அக்கா. கடையிலிருந்த மூன்று பெண்களும் சிரித்தார்கள்.

நானும் அப்போது அவளுக்குக் குறைவில்லாத கனம். இரண்டு பேருமாக நடப்பது என்று முடிவு செய்தோம். விடிந்தும் விடியாமல் கிளம்பி வாய்க்கால் கரையோடு போய், நெல் வயலைத் தாண்டி, எங்கள் திராட்சைத் தோட்டம் வரை நடந்து திரும்புவோம். ராத்திரிக்குச் சோறு கிடையாது. காலையில் கொள்ளு அவித்த தண்ணீர். தோட்டத்துக் கொட்டகையில் திராட்சைப் பெட்டி நிறுக்கிற மின்தராசு இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்போம். மருந்தடிக்க வந்த ஆட்கள் பந்தலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் அக்கா, "ரெண்டு பொட்டிக் கொலை நிக்குது, வெல சொல்லுங்க" என்று கத்துவாள்.

அந்த முதல் மாதம்தான் நாங்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் அதிகமாகப் பேசிக்கொண்ட மாதம். வீட்டில் பேசும்போது ஒரு கண் அடுப்பில் இருக்கும். நடக்கும்போது அப்படி இல்லை. எனக்குப் பிள்ளை இல்லாததற்கு ஊர் பேசியபோது அவள் யார் யாரிடம் சண்டைக்குப் போனாள் என்பதெல்லாம் அந்த வாய்க்கால் கரையில்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது மாதம் தராசு எங்களைப் பிரித்துவிட்டது. எனக்கு எண் கொஞ்சம் இறங்கினால் பெரிது என்கிற நிலை. அவளுக்கோ ஏறி நிற்கிற ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. வளையல் முழங்கைப் பக்கம் வழுக்கிப் போனது. தெருவில் எல்லோரும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி, "உங்கக்கா என்ன சாப்பிடுறாக? பத்து வயசு குறைஞ்சாப்புல இருக்காகளே" என்று என்னிடமே விசாரித்தாள். அவள் இறங்கிப் போன பிறகும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒரே நடை, ஒரே கொள்ளுத் தண்ணீர். எனக்கு இறங்காதது அவளுக்கு மட்டும் எப்படி இறங்கும்? அந்தச் சமயம் கம்பத்தில் உடம்பு குறைக்கிற பொடி என்று ஏதோ வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாமல் அதை வாங்கிக் கலக்கிக் குடிக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் அடுப்படி அலமாரியைத் திறந்துகூடப் பார்த்தேன். மல்லித் தூள், சாம்பார்த் தூள், ரோஸ் கலரில் வயிற்றுப்புண் மருந்து ஒரு பாட்டில். அந்தப் பாட்டில் பாதி காலியாகியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு அதற்குப் பின்னால் பொடி டப்பா இருக்கிறதா என்று தேடினேன்.

ஒரு காதுகுத்து வீட்டில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கும்போது கேட்டும்விட்டேன். "அக்கா, என்ன பொடி குடிக்கிறன்னு எனக்கும் சொல்லேன். நானும் மெலிஞ்சுட்டுப் போறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இலையில் வைத்த வடையைத் தொடாமல், "சொல்றேன் சொல்றேன், ஒனக்குச் சொல்லாமயா?" என்றாள்.

கார்த்திகையில் ஒருநாள் சொன்னாள். முதல் நாள் பெய்த மழையில் கரை வழுக்கியது. தோட்டத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்போரம் குனிந்தாள். வாந்தி எடுத்தாள். காப்பித் தூளைத் தண்ணீரில் கரைத்தது மாதிரி இருந்தது. நான் முதுகைத் தடவினேன். தோள்பட்டை எலும்பு கையில் குத்தியது.

"என்னக்கா இது?"

"கொஞ்ச நாளாவே இப்படித்தான். ரெண்டு வாய் தின்னா நெஞ்சுல வந்து நிக்குது. எனக்கே இப்ப ஈசியாப் போச்சு. நீதான் பசியோட கெடக்குற, எனக்குப் பசியே இல்ல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

"ஒன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வாயத் தொறந்தீன்னா பாரு. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. இப்பப் போய் ஆஸ்பத்திரி, டெஸ்ட்டுன்னு படுத்தா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாக? அம்மாக்காரிக்குச் சீக்குன்னு ஒரு சொல்லு வந்துரும். தை பொறக்கட்டும். கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் நானே ஒன்னயக் கூட்டிக்கிட்டு தேனிக்குப் போறேன்."

என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். நான் கையை இழுக்கவில்லை.

ஏன் இழுக்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. பொடி எதுவும் குடிக்கவில்லை, என்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவள் புருஷனுக்கும் மகளுக்கும் தெரியாதது எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு பெருமைகூட வந்தது. வயிற்றுப்புண்தானே, மருந்து குடிக்கிறாளே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வருகிற வழியில் அவள் வேகமாகவே நடந்தாள்.

மார்கழிக் கடைசியில் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க மறுபடி கம்பம் போனோம். கொக்கி எல்லாம் மாட்டியது. மாட்டிய பிறகும் தொளதொளவென்று நின்றது. தையல்காரப் பெண், விட்ட இடத்திலெல்லாம் திரும்பத் தையல் போட்டாள். பத்து நாள் கழித்து வாங்கப் போனபோது அதுவும் பெரிதாக இருந்தது. அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணத்தப்ப தைச்ச அளவுக்கும் உள்ள போயிருச்சுக்கா. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"கல்யாண அலைச்சல்த்தா. பொண்ணக் கட்டிக்குடுக்குறப்பத் தெரியும் ஒனக்கு."

அத்தனை பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த சுடிதார்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தையில் கல்யாணம். மண்டபத்து அறையில் அக்காவுக்குச் சேலை கட்டிவிட்டது நான். பாவாடை நாடாவை இழுத்துக் கட்டினால் இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றது. கொசுவத்தை எவ்வளவு மடித்தாலும் சேலை மிச்சமிருந்தது. ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் இரண்டு ஊக்குக் குத்தி, முந்தானையால் மூடினேன். அவள் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முகம் மஞ்சள் பூசியது போக மிச்ச இடத்திலும் மஞ்சளாக இருந்தது. "நல்லா இருக்கேனாத்தா?" என்று கேட்டாள். "புதுப்பொண்ணு கணக்கா இருக்க" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நிச்சயத்தன்று கேலி பேசிய அதே பெரியம்மா, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடியாத்தீ, பொண்ணுக்கு அக்கா கணக்கா வந்து நிக்கிறாகளே" என்று பலபேர் கேட்கச் சொன்னாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. சின்னப் பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டுப் பார்க்குமே, அப்படி. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், யாரும் பார்ப்பதற்குள் இலையை மூடினாள்.

மறுவீடு முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயம்புத்தூருக்கு அனுப்பிய மூன்றாம் நாள் மயங்கி விழுந்தாள். தேனியில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்து மதுரைக்குப் போகச் சொன்னார்கள். வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்று மதுரை டாக்டர் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரரை நான் பெரிய மாமா என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்தில் நாலு ஆள் வேலையைத் தனியாகப் பார்க்கிற மனிதர். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன நாளா வாந்தி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தான், ஒரு வாரமா" என்றாள் அக்கா.

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு ஏழு மாதம் இருந்தாள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. நோய் எதற்கும் கேட்கவில்லை. மகள் பாதி நாள் கோயம்புத்தூரிலும் பாதி நாள் எங்கள் ஊரிலுமாக அலைந்தாள். நான் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு எதிர்வீட்டிலேயே கிடந்தேன். கடைசி மாதம் ஒரு சாயங்காலம், ஸ்பூனால் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அன்னைக்கே நான் மாமாகிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா ஒங்கூடப் பேசியிருக்க மாட்டேன்."

"பேசாட்டிப் போகுது. இருந்திருப்பல்ல?"

கண்ணை மூடிக்கொண்டாள். "எம் மககிட்டச் சொல்லாத" என்றாள். இளநீர் வாயோரம் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

அடுத்த ஆவணியில் போய்விட்டாள். பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்தது. குளிப்பாட்டி அதை உடுத்தினோம். நான்கு பெண்கள் தூக்க வேண்டும் என்று வந்து நின்றார்கள். இரண்டு பேரே போதும் என்று ஆனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்களெல்லாம் கலைந்த பிறகு, மகள் அம்மாவின் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்னவோ புத்தியில் ஏறியிருந்தது. "எங்கல்யாணத்துக்காகத்தான சித்தி அம்மா பட்டினி கெடந்துச்சு? அந்தப் பட்டினிலதான வயிறு கெட்டுப்போச்சு? நான் அப்பவே அந்தச் சேலை வேணாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று அழுதாள். அப்படி இல்லை, இது பட்டினியால் வருகிற நோய் இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். நானும் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. மூன்று நாளாகச் சோற்றில் கையை வைத்துவிட்டு எழுந்து எழுந்து போனாள். அந்தப் பிள்ளையும் இப்படி உருகிப் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

சத்தியத்தை மீறிச் சொன்னேன். கார்த்திகையிலேயே நோய் இருந்தது, பசி இல்லாமல் போனதே நோயால்தான், நான் கண்ணால் பார்த்தேன், சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள், உன்னால் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மனபாரம் குறையும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கார்த்திகையிலயே ஒனக்குத் தெரியுமா?"

அதுவரை என்னை "நீங்க" என்றே பேசிய பிள்ளை.

"அம்மாதான்த்தா சத்தியம்..."

"சொல்லியிருந்தா என்னாயிருக்கும்? எங்கல்யாணம் நின்னுருக்கும். நின்னா நின்னுட்டுப் போகுது. கல்யாணம் பெருசா, எங்கம்மா பெருசா?"

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையோடு கிளம்பிப் போனாள். கார் ஏறும்போது பெரிய மாமாவிடம் சொல்லிக்கொண்டாள். எங்கள் வாசல் பக்கம் திரும்பவில்லை. பெரிய மாமாவுக்கும் அவள் மூலம் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அக்கா போனதிலிருந்து வருவது போலவே மூன்று வேளையும் எங்கள் வீட்டில் சாப்பிட வருவார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அந்தச் சில மாதங்களில் நானும் நன்றாக இளைத்தேன். நடக்கவும் இல்லை, கொள்ளும் குடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பிய அன்று ஆபீசில் இருந்தவர்கள், "என்ன மேடம், டயட்டா? சூப்பரா இருக்கீங்க" என்றார்கள். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அன்றைக்கே ஒரு டாக்டரிடம் போய் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டேன். எனக்கு ஒன்றுமில்லை என்று காகிதம் வந்தது. அதைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

மறு வருஷம் மகள் உண்டாகியிருப்பதாகப் பெரிய மாமா சொன்னார். அம்மா இல்லாத பெண்ணுக்கு முதல் பிரசவம் சித்தி வீட்டில் பார்ப்பதுதான் முறை. எங்கள் வீட்டு உள்ளறையை வெள்ளையடித்து, ஃபேன் மாற்றி, பழைய வேட்டிகளைத் துவைத்துத் துண்டு துண்டாகக் கிழித்து மடித்து வைத்தேன். கூப்பிடுவாள் என்று இருந்தேன். ஓடைப்பட்டியில் மாமியார் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

பெண் குழந்தை. பெரிய மாமாவோடு பார்க்கப் போனேன். அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வழியிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு தரம் சொல்ல வாய் வந்தது. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "வாங்க சித்தி" என்றாள். குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தாள். மாமியாரிடம் சொல்லிக் காப்பி போடச் சொன்னாள். எப்படி இருக்கிறீர்கள், சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பழைய மாதிரி ஒரு சண்டை போட்டிருந்தால், என் மடியில் முகத்தை வைத்து அழுதிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தேன்.

இப்போது குழந்தைக்கு ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வாள். குப்புற விழுந்தது, பல் முளைக்கிறது என்று குழந்தையைப் பற்றியே பேசுவோம். அம்மா என்ற பேச்சை அவள் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமையே போன் வந்தது. குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம் என்றாள். "வீட்டு வைத்தியம் ஒண்ணும் பாக்காத. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. யாரு என்ன சொன்னாலும் கேக்காத" என்று பதறினேன்.

"நேத்தே போயிட்டு வந்துட்டேன் சித்தி. மருந்து குடுத்திருக்காக. இப்பப் பரவால்ல" என்றாள்.

"அப்பறம் எதுக்குத்தா கூப்பிட்ட?"

"சும்மா, ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான்" என்றாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.